எம்எல்ஏ வீட்டுக்காரர்

செம்பூர்,
மும்பை, 6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை வாணி சொன்னாள். கோபமாகவும் இருப்பதை நானே தெரிந்துகொண்டேன்.

விக்ரோலியில் இருக்கும் நம் மகள் வாணி கையை விரித்துவிட்டாள். “அப்பா இதைச் சொன்னாரு, அம்மா அதைச் சொன்னான்னு ரெண்டு பக்கமும் ஓட என்னால ஆகாது. ஆளுக்கு ஒரு லெட்டர் எழுதிக்கோங்க” என்கிறாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. போனில் பேசினால் ஹலோவிலேயே சண்டை வந்துவிடுகிறது. போதாததற்கு என் போன் பாதி நேரம் உதவியாளர் நகுலின் கையில். அவனுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழ் விலாசம் போட்ட கவரைப் பிரிக்காமல் என் மேஜையில் வைத்துவிடுவான். அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதலாம்.

நடந்ததை ஐரோலியில் போய் உட்கார்ந்துகொண்டு உங்கள் கணக்குப்படி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். அம்மன் கொடையில் உங்கள் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். ஓட்டு வாங்கி ஜெயித்தது நான். பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டும் வழக்கம் இல்லையாம், அதனால் உங்களுக்கு. அதில் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் முகத்துக்கு எடுப்பாகக்கூட இருந்தது. ஆனால் கட்டிய கையோடு கோயில்காரர் கோமதிநாயகம் அண்ணாச்சி, “மாப்ளே, கோயிலுக்கு எதுத்த மூலைல கக்கூஸ் வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுதியளா?” என்று கேட்டார். “வராது, நான் பொறுப்பு” என்றீர்கள். நீங்கள் எதற்குப் பொறுப்பு அத்தான்? பெரிய சாக்கடைக் குழாய் அந்த மூலையில்தான் போகிறது. வேறு எங்கே கட்டினாலும் ஒரு மழைக்குத் தாங்காது. விடிவதற்கு முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டிப் போகிறவர்கள் உங்களுக்குத் தெரியாதவர்களா? நானும் அப்படிப் போனவள்தானே.

மறுநாள் டாய்லெட்டுக்குப் போட்ட பூமி பூஜையில், “வாக்குக் குடுத்தவரு வேற, ஓட்டு வாங்கினவ வேற” என்று மைக்கில் சொன்னேன். சொன்னது சரிதான். மைக்கில் சொல்லியிருக்க வேண்டாமோ என்று சில நாள் தோன்றுகிறது. மைக் இல்லாமல் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்று வேறு சில நாள் தோன்றுகிறது.

உங்கள் சட்டைகள் இஸ்திரி போட்டபடி இருக்கின்றன. ஷேவிங் கண்ணாடி ஆணியிலேயே தொங்குகிறது. அதன் கீழே இருக்கும் பெயின்ட் டப்பாவைக் காலால் தள்ளிவிட்டுத் திட்ட இப்போது ஆள் இல்லை. வீட்டுக்கு வழி உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
விஜயராணி


ஐரோலி,
15 ஆகஸ்ட் 2023

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்துக்குக் கீழே பழக்க தோஷத்தில் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தியிருக்கிறாய். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எனக்குப் பெண்டாட்டியிடமிருந்து முத்திரை குத்தின லெட்டர்! இங்கே கூட இருக்கும் பையன்களிடம் காட்டினேன். ரேஷன் கார்டுக்குச் செல்லுமா என்று கேட்கிறார்கள்.

நீ அங்கன்வாடியில் வேலை பார்த்தபோது நான் வெயிலுமுத்து. நீ ஜெயித்த அன்று சாயங்காலம் எம்எல்ஏ வீட்டுக்காரர் ஆகிவிட்டேன். டீக்கடைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிறார்கள். “சேட், பாபிகிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க” என்கிறார்கள்; ஊருக்கே நீ அண்ணி. கம்பெனியில் இத்தனை காலம் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன், எனக்காக ஒரு ஈ எழுந்து போனதில்லை. நாலு பேர் எழுந்து நின்றால் மனுஷனுக்கு என்னமோ ஆகிவிடுகிறது ராணி. அன்றைக்குத் தலையில் துணி, காதில் மேளம். வாயில் வார்த்தை தானாக வந்துவிட்டது.

ஆனால் வந்துவிட்ட வார்த்தை வந்ததுதானே? அதை நீ நம் கல்லிச் சந்து மொத்தத்துக்கும் முன்னால் தூக்கிக் குப்பையில் போட்டாய். இனி அங்கே என் பேச்சுக்கு என்ன மதிப்பு? நீ அந்த நாற்காலியில் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் நான் வெயிலுமுத்தாக இருக்க முடியாது. எம்எல்ஏ வீட்டுக்காரராக இருக்க எனக்குத் தெரியவும் இல்லை. அதனால் இங்கேயே இருந்துகொள்கிறேன். கம்பெனிக்கு நடந்தே போகலாம், ரயில் நெரிசல் மிச்சம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மைக்கில் பேசும்போது உன் குரல் துளிகூட நடுங்கவில்லை. அத்தனை ஆம்பிளைகள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

வெயிலுமுத்து


செம்பூர்,
28 நவம்பர் 2023

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளிக்கு வாணி வீட்டுக்கு வந்துவிட்டு, நான் வருவதற்குள் கிளம்பிவிட்டீர்களாம். நீங்கள் வைத்துவிட்டுப் போன அல்வா நன்றாக இருந்தது. எனக்கு என்று நீங்கள் சொல்லவில்லைதான், இருந்தாலும் சாப்பிட்டேன்.

டாய்லெட் கட்டி முடிந்துவிட்டது. வாசலைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொன்னேன். இப்போது அம்மன் ஒரு பக்கம் பார்க்கிறாள், அது ஒரு பக்கம் பார்க்கிறது. அண்ணாச்சி இன்னும் என்னோடு பேசவில்லை. கோயிலுக்குப் போனால் விபூதியை மட்டும் கையில் போடுகிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. பேசாமல் இருக்கட்டும், எனக்கு விபூதி போதும்.

இப்போது சண்டை கண்ணாடிக்கு. தண்ணீர், விளக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் வந்துவிட்டது. கை கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி கேட்டேன். இன்ஜினியர், “தாயி, கழிப்பறைக்கான சாமான் பட்டியலில் கண்ணாடி கிடையாது. ஆண்கள் பக்கத்திலும்தான் இல்லை” என்கிறார். “ஆம்பிளைக்கு சலூன்ல கண்ணாடி, டீக்கடைல கண்ணாடி, பைக்ல கண்ணாடி. எங்களுக்கு எங்கே இருக்கு?” என்றேன். மனிதர் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வீட்டு ஹாஃபிஸா, நம் தையல்கடைக்காரி, “கண்ணாடி வராம ரிப்பன் வெட்டினா நான் வரமாட்டேன் பாத்துக்கோ” என்கிறாள். நானே ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். அப்போது நம் கல்லிக்கு மட்டும்தான் வரும். எல்லாக் கல்லிக்கும் வர வேண்டும் அத்தான்.

அதனால் குளிர்காலத் தொடருக்கு நாக்பூரில் கூடும் சபையிலேயே கேட்கப்போகிறேன். கட்சியில், “பெரிய விஷயம் ஏதாவது பேசுங்கள் தாயி, கண்ணாடி சீப்பு என்று கேட்டால் சிரிப்பார்கள்” என்கிறார்கள். சிரிக்கட்டும். எம்எல்ஏ விடுதியான ஆம்தார் நிவாஸில் குளிர் தாங்காது. உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன். கேட்காமல் எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
விஜயராணி

பி.கு.: ஸ்டாம்பை நகுலிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுதினேன்.


நாக்பூர் ரயில் நிலையம்,
16 டிசம்பர் 2023

ராணிக்கு,

விலாசத்தைப் பார்த்துத் திடுக்கிடாதே. லீவு போட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் பாஸ் கேட்க மனம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் யூனியன்காரர் மூலமாக வேறு கட்சி எம்எல்ஏ ஒருவரிடம் வாங்கிவிட்டேன். ‘பார்வையாளர்’ என்று எழுதிச் சட்டையில் குத்தினார்கள். பேனா, போன், பீடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு மேலே மாடத்தில் உட்கார வைத்தார்கள். கால் மேல் கால் போட்டேன், காவலர் வந்து இறக்கச் சொன்னார். உங்கள் சபையில் ஏக மரியாதை!

நீ என் ஸ்வெட்டரைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் பேர் வருவதற்குள் எத்தனை பேர் குறுக்கே எழுந்தார்கள்! உட்காருவாய், எழுந்திருப்பாய், மறுபடி உட்காருவாய். நானாக இருந்தால் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போயிருப்பேன்.

கடைசியில் கண்ணாடி என்று சொன்னதும் சபை சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நானும் லேசாக, பொய் சொல்வானேன், சிரித்தேன். நீ சிரிப்பு முழுக்க முடிகிற வரைக்கும் சும்மா நின்றாய். பிறகு அந்த மராத்தியில், நம் தெருக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கற்றுக்கொண்ட மராத்தியில், “எங்கள் பெண்கள் நகரத்தில் பாதி வீடுகளைத் துடைக்கிறார்கள். அந்த வீடுகளின் கண்ணாடிகளையும் துடைக்கிறார்கள். ஆனால் தங்கள் முகத்தில் பாதியைத்தான் பார்த்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள். மீதிப் பாதியை அரசாங்கம் காட்டட்டும்” என்றாய். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மந்திரி எழுந்து, பரிசீலிக்கிறேன் என்றார். “எப்போது?” என்று கேட்டாய் பார், அங்கே எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. மாடத்தில் கை தட்டக் கூடாதாம்.

பாதி முகம் என்று ஏன் சொன்னாய் என்று விளங்கவில்லை. பேச்சுக்கு நன்றாக இருந்தது.

கீழே வந்து உன்னைப் பார்த்திருக்கலாம். உன்னைச் சுற்றி ஒரு கூட்டம். அதில் எவனாவது என்னைப் பார்த்து எழுந்து நின்றிருப்பான். அதனால் வந்துவிட்டேன். அந்த நாற்காலி உனக்குச் சரியாகப் பொருந்துகிறது ராணி. சபையில் பாதிப் பேருக்கு அது தொளதொளவென்று இருக்கிறது.

வெயிலுமுத்து


செம்பூர்,
17 ஜனவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

போயும் போயும் வேறு கட்சிக்காரரிடம் பாஸ் வாங்கியிருக்கிறீர்களே! அந்த மனிதர் லாபியில் என்னிடம் வந்து, “தாயி, உங்கள் மிஸ்டரை நான்தான் உள்ளே அனுப்பினேன்” என்று பல்லைக் காட்டினார். வெட்கத்தில் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்புறம் அதன் பின்னாலேயே சந்தோஷத்தில் சிரித்தேன்.

அன்று பேசும்போது, கீழே இருப்பவர்கள் சிரித்ததால் மேலே மாடத்தைப் பார்த்துத்தான் பேசினேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இறங்கி வந்திருந்தால் கேன்டீனில் ஒரு டீயாவது குடித்திருக்கலாம். கூட்டம் எழுந்து நின்றால் என்ன? நின்றுவிட்டுப் போகட்டும்.

கண்ணாடிக்கு உத்தரவு வந்துவிட்டது. எம்எல்ஏ நிதியில் கட்டும் எல்லாப் பெண்கள் கழிப்பறைக்கும். ஹாஃபிஸா ரிப்பன் வெட்டினாள். முதல் ஆளாக உள்ளே போனது யார் என்று நினைக்கிறீர்கள்? கோமதிநாயகம் அண்ணாச்சியின் மருமகள்கள் இரண்டு பேரும்தான். போனவர்கள் வெளியே வருவதாகவே இல்லை, ஒரே சிரிப்புச் சத்தம். பொங்கலுக்கு ரோட்டில் வரிசையாகப் பானை வைத்தோம், அன்றும் பொங்கல் வைக்க வந்தவர்கள் எல்லாரும் அங்கே போய்ப் பொட்டைச் சரிசெய்துகொண்டுதான் அடுப்பு மூட்டினார்கள்.

நம் வீட்டின் இரண்டு அடுப்பில் ஒன்றை உங்களுக்கென்று நினைத்துத்தான் மூட்டினேன். நம் வீட்டுக்கு வர யாருடைய பாஸும் வேண்டாம் அத்தான்.

அன்புடன்,
ராணி


ஐரோலி,
27 அக்டோபர் 2024

ராணிக்கு,

இந்த வருஷம் முழுக்க எழுதிய லெட்டர்களில் மழையையும் மூட்டு வலியையும் தவிர நாம் ஒன்றும் பேசவில்லை. நீ மறுபடி நிற்பதைப் பேப்பரில் பார்த்தேன். போட்டோ நன்றாக இருக்கிறது.

நேற்று உன்னை எதிர்த்து நிற்பவரின் ஆட்கள் இங்கே வந்தார்கள். கையில் பழத் தட்டும் சால்வையும். “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அண்ணே. மேடைல வந்து உக்காந்தாப் போதும். ஜனங்க புரிஞ்சுக்குவாங்க” என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானர் கையில் இல்லாமல் போனது அவர்கள் அதிர்ஷ்டம். “ஒரு தடவை தலைல துணி கட்டிக்கிட்டு என் வீடே போச்சு. இப்ப தோள்ல வேறயா? எந்திரிச்சுப் போங்கய்யா” என்றேன். பழத்தை மட்டும் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு நிறைய யோசித்தேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. எல்லாரும் உனக்கு எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதுகிறேன்.

பெறுநர்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்.
பொருள்: வீடு திரும்ப அனுமதி கோருதல்.

அம்மையீர், கீழே கையெழுத்திட்டுள்ள மனுதாரர் தங்கள் தொகுதியின் வாக்காளர். கோபத்தின் காரணமாக ஐரோலியில் வசித்து வருகிறார். தங்கள் பெயரில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்க மாட்டார் என்றும், டீக்கடையில் எவரேனும் எழுந்து நின்றால் பாதி டீயோடு வெளியேறிவிடுவார் என்றும் உறுதி கூறுகிறார். தங்கள் கைச் சாப்பாடு இல்லாமல் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஆகவே சமூகம் அவர்கள் மனமிரங்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.

சீக்கிரம் பதில் போடு ராணி.

மனுதாரர்,
வெயிலுமுத்து


ஐரோலி,
21 நவம்பர் 2024

ராணிக்கு,

மனுவுக்குப் பதில் இல்லை. தேர்தல் வேலையில் நேரம் இருந்திருக்காது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் நகுல் பேப்பரோடு பேப்பராக வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். இப்போது பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். தப்பு இல்லை. நீ கூப்பிட்டபோது நான் வரவில்லை.

நேற்று ஓட்டுப் போட வந்தேன். கியூவில் கோமதிநாயகம் அண்ணாச்சி எனக்கு முன்னால் நின்றார். “உம்ம சம்சாரத்துக்குப் போட மாட்டேன்வே. ஆனா ஒண்ணு, சொன்னாச் செய்யுத பொம்பள” என்றார். எதிரி வாயிலிருந்து இதற்கு மேல் என்ன வேண்டும்?

டாய்லெட் பக்கமாக நடந்து போனேன். பெண்கள் வாசலில் ஆம்பிளை நிற்கக் கூடாது, எதிர்ப்பக்கம் கோயில் படியில்தான் உட்கார்ந்தேன். வேலைக்குப் போகிற பெண்கள் வாளியோடு பயந்து பயந்து கடந்து போன அதே மூலையில் கைப்பையோடு உள்ளே போய், தலை வாரி, முகம் திருத்தி, நிமிர்ந்து வெளியே வருகிறார்கள். அங்கே அது வராது என்று வாக்குக் கொடுத்தவன் நான். நீ என் சொல்லைக் கேட்காமல் போனாயே, நல்ல வேளை.

நாளை மறுநாள் எண்ணுகிறார்கள். நீ ஜெயிப்பாய். பதில் போட வேண்டாம்.

வெயிலுமுத்து


செம்பூர்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

தோற்றுவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் ஹாஃபிஸா வந்து, “அழுத மூஞ்சியை அந்தக் கண்ணாடில போய்ப் பாரு, சகிக்கல” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நிஜமாகவே சகிக்கவில்லை. கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் மனு கிடைத்தது. கிடைத்த அன்றே படித்தேன். பிரச்சாரம் முழுவதும் என் கைப்பையில்தான் இருந்தது. அது வந்த அதே வாரம் கட்சித் தலைவர் கூப்பிட்டார். “தாயி, பிரிந்து வாழ்கிறவள் என்று வீடு வீடாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு நாள் புருஷனைக் கூட்டி வந்து மேடையில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் ஆயிரத்துக்கு மேல் ஓட்டுப் போகும்” என்றார். ஒரு வரி பதில் போட்டிருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பீர்கள். ஆனால் ஓட்டுக்காகக் கூப்பிட்டேனா, எனக்காகக் கூப்பிட்டேனா என்று சாகிற வரைக்கும் எனக்கே தெரிந்திருக்காது. உங்களுக்கும்தான். உங்களை மேடைப் பொருளாக்க அவர்கள் சால்வையோடு வந்தார்கள். நான் பெண்டாட்டி என்ற உரிமையில் அதையே செய்வதா? மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைவர் சொன்ன கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. தோற்றதில் வருத்தம் உண்டு. மாட்டேன் என்றதில் வருத்தம் இல்லை.

சபையில் ஒரு விதி உண்டு. சபை கலைந்தால் நிலுவையில் இருக்கிற எல்லாம் காலாவதி. உங்கள் மனு மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதியது. அப்படி இங்கே யாரும் இல்லை. ஆகவே அது செல்லாது.

விஜயராணி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் புதிதாக எழுதலாம். ஆனால் எழுதும் முன் யோசியுங்கள். நாற்காலி போய்விட்டது, இனி வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்து வர வேண்டாம். இன்று காலையிலும் வாசலில் ஆள் நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி, பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தி. லெட்டர்ஹெட் இல்லை என்றேன். “நீ கூட வா தாயி, போதும்” என்றார்கள். போனேன். அடுத்த முறையும் நிற்பேன். ஜெயித்தால் மறுபடி நீங்கள் எம்எல்ஏ வீட்டுக்காரர்தான். நான் தோற்றதற்காக வருகிறவர் என்றால் ஐரோலியிலேயே இருங்கள் அத்தான்.

அன்புடன்,
ராணி


ஐரோலி,
5 டிசம்பர் 2024

அன்புள்ள ராணிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். இது மனு இல்லை, தகவல்.

ஓட்டுப் போட வந்த அன்று ஒரு விஷயத்தை உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். கோயில் படியில் இருந்து எழுந்து நம் வீட்டுக்கும் போனேன். சாவி இன்னும் என்னிடம்தானே இருக்கிறது. நீ பூத்தில் இருந்தாய். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். காலில் அந்தப் பெயின்ட் டப்பா இடித்தது. வழக்கம்போல் திட்டத் தொடங்கி, குனிந்து பார்த்தேன். கவிழ்த்து வைத்த டப்பா. அதன் மேல் இரண்டு கால் தடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. உன் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்று பார்த்தேன். நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தது. நாக்பூரில் நீ யாருடைய பாதி முகத்தைச் சொன்னாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கல்யாணமான புதிதில் அந்த ஆணியை அடித்தவன் நான்தான். எனக்கு எதிரே அடித்தேன். இத்தனை வருஷமும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே இறக்கியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. இறக்கியிருப்பேனா தெரியாது.

நீ தோற்றதற்காக வரவில்லை. ஜெயித்திருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பேன். அடுத்த முறை நீ ஜெயித்து, எவனாவது எழுந்து நின்றால், உட்காரச் சொல்லிவிட்டு என் டீயை முழுசாகக் குடிப்பேன்.

கம்பெனியில் டிரில் மெஷினை இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். முதல் வேலை அந்த ஆணி. நீ நேராக நின்று காட்டு, உன் கண்ணுக்கு எதிரே அடிக்கிறேன். ஷேவ் பண்ணும்போது நான் குனிந்துகொள்கிறேன்.

உன்,
முத்து